காப்பிக் கறையும் கூறைப் புடவையும்

நம்மவர் வேற்றூருக்குக் குடிபெயரும்போது முதலில் மூட்டை கட்டுவன எவை என்று கணக்கெடுத்தால், சுவாமி படத்துக்கும் இட்லித் தட்டுக்கும் அடுத்தபடியாக நிற்பது காப்பி வடிகட்டியாகவே இருக்கும். தில்லிக்கு வந்து இரண்டு தலைமுறை கடந்த குடும்பங்களிலும், சப்பாத்தியும் பருப்பும் இராச் சாப்பாடாக நிலைபெற்றுவிட்ட இல்லங்களிலும், விடியற்காலையில் டிகாக்ஷன் இறங்கும் மணத்துக்கு மாற்று ஏற்படவில்லை. காப்பி வந்த இடத்துக்கு அதன் கறையும் கூடவே வந்துவிடுகிறது. டவராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றும்போது தெறிக்கும் துளி, குழந்தையின் முழங்கை பட்டுக் கவிழும் கோப்பை, செய்தித்தாளில் ஆழ்ந்துவிட்ட குடும்பத் தலைவரின் மடியில் சாயும் டம்ளர், இவற்றுக்கு விலக்கான வீடு ஒன்று இருப்பதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இந்தக் கறையைப் பற்றி எழுத எங்களைத் தூண்டியது எங்கள் வீட்டிலேயே நேர்ந்த ஓர் இழப்பு. அதைச் சற்றுப் பின்னால் கூறுவோம். கறையின் இயல்பை அறியாமல் அதனோடு மல்லுக்கு நின்றதுதான் அந்த இழப்புக்குக் காரணம் ஆகையால், இயல்பை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

காப்பிக் கறை என்று ஒரே பெயரால் வழங்கினாலும், நம் வீட்டுக் காப்பியின் கறை உண்மையில் நான்கு கறைகளின் கூட்டு. டிகாக்ஷனின் பழுப்பு ஒன்று. கொட்டையை வறுக்கும்போது உண்டாகும் நிறப்பொருள்களும், தேயிலையிலும் கடுக்காயிலும் இருப்பதைப் போன்ற துவர்ப்புச் சத்தும் அதில் அடங்கும். சிக்கரி மற்றொன்று. அது ஒரு செடியின் வேர். வறுக்கும்போது அதிலுள்ள இனிப்புப் பொருள் கருகிய பாகாகி, டிகாக்ஷனுக்குக் கறுத்த நிறத்தையும் கெட்டித்தன்மையையும் தருகிறது. சிக்கரி கலந்த காப்பித் தூளில் காப்பியின் பங்கு நூற்றுக்கு 51-க்குக் குறையலாகாது என்பது நம் நாட்டு உணவுச் சட்டத்தின் விதி. அதாவது, நாம் வாங்கும் சில தூள்களில் ஏறக்குறையப் பாதி சிக்கரியாகவே இருக்கக்கூடும். மூன்றாவது பால், புரதமும் கொழுப்பும் சேர்ந்தது. நான்காவது சர்க்கரை. இது கண்ணுக்குத் தெரியாது. துவைத்தாயிற்று, போயிற்று என்று எண்ணி இஸ்திரிப் பெட்டியை வைத்ததும், இழையில் தங்கிய சர்க்கரை சூட்டில் பழுத்து, போன கறை திரும்பி வந்ததுபோல் மஞ்சளாகத் தோன்றும். எத்தனையோ சலவைக்காரர்கள் இதனால் வீண்பழி சுமந்திருக்கிறார்கள்.

பாலும் சர்க்கரையும் சேராத கறுப்புக் காப்பியை மனத்திற்கொண்டு மேனாட்டார் எழுதிய குறிப்புகள் நம் வீட்டுக் கறைக்கு முழுவதும் பொருந்தாமற்போவது இதனால்தான். நம் கறையை வரிசை தவறாமல் அணுகவேண்டும்: முதலில் பாலும் சர்க்கரையும், பிறகு கொழுப்பு, கடைசியாகத்தான் பழுப்பு நிறம். கண்ணை உறுத்துவது நிறமே ஆகையால் நாம் நிறத்தின்மேல் முதலில் பாய்கிறோம். தொல்லை அங்கேயே தொடங்குகிறது.

பாலும் சர்க்கரையும் போவதற்கு வேண்டியது பச்சைத் தண்ணீர் ஒன்றே. கொதிநீர் விட்டால் எந்தக் கறையும் போகும் என்பது நம் பெண்மணிகளிடையே வேரூன்றிய நம்பிக்கை. பாலின் புரதமோ சூட்டில் இறுகி இழையைப் பற்றிக்கொள்ளும் தன்மையது. கறைபட்ட துணியை உடனே உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, குழாயடியில் பிடித்து, கறையின் பின்பக்கத்திலிருந்து நீர் பாயும்படி செய்யவேண்டும். வந்த வழியே கறை திரும்பிப் போகும். மேற்பக்கத்திலிருந்து நீரை விட்டுத் தேய்த்தால் அது இன்னும் ஆழத்துக்கே இறங்கும்.

இனி, எங்கள் கதை.

எங்கள் பாட்டியாரின் கூறைப் புடவை எங்கள் பெட்டியில் இருந்தது. அரக்கு நிறம், ஒன்பது கஜம், கையகல ஜரிகைக் கரை. ஊரைவிட்டு இரயில் ஏறியபோது கூடவே வந்த பொருள்களில் இன்றும் மிஞ்சியது அது ஒன்றே. வீட்டுப் பெண் ஒருத்தியின் நிச்சயதார்த்தத்தன்று அதை வெளியே எடுத்துக் கட்டிலின்மேல் விரித்துவைத்திருந்தோம். வந்தவர்களுக்குக் காப்பி கொண்டுபோன தட்டு சரிந்து, ஒரு டம்ளர் முழுதும் அதன்மேல் கொட்டிவிட்டது. பதற்றத்தில் அடுப்பில் இருந்த வெந்நீரை ஊற்றினோம். கறை வெளிறியதேயன்றிப் போகவில்லை. “கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தடவுங்கள் மாமி, எங்கள் வீட்டு மேஜைத் துணியில் பளிச்சென்று போயிற்று” என்றார் மாடி வீட்டுப் பெண்மணி, நல்லெண்ணத்தோடுதான். அவர் மேல் குற்றமில்லை. அவர் வீட்டு மேஜைத் துணி பருத்தி. எங்கள் புடவையில் ஓர் உள்ளங்கை அளவுக்கு அரக்கு நிறம் போய் வைக்கோல் மஞ்சளாயிற்று. மறுநாள் உலர்ந்தபின் மடிக்கப்போனோம். விரல் பட்ட இடம் பழந்துணிபோல் நைந்து கிழிந்தது.

பட்டு என்பது ஒரு புழு தன் வாயிலிருந்து நூற்ற புரத இழை. கம்பளியும் அப்படியே, நம் தலைமயிரும் அப்படியே. பிளீச்சிங் பவுடரிலும், அங்காடிகளில் புட்டியில் விற்கும் வெளுப்பு நீரிலும் உள்ள குளோரின் சத்து புரதத்தைத் தின்றுவிடும். உதிர்ந்த மயிர் ஒன்றை அந்த நீரில் இட்டுவைத்தால் சில மணி நேரத்தில் கரைந்து மறைவதை யாரும் பார்க்கலாம். இதை நாங்கள் புடவை போனபிறகு தெரிந்துகொண்டோம். முந்தானையும் இரண்டு முழம் கரையும் தப்பின.

பட்டில் காப்பி கொட்டினால் செய்யத்தக்கது இதுதான். மெல்லிய வெள்ளைத் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும், தேய்க்கலாகாது. ஈரமான பட்டின் இழை வலிமை குன்றியிருக்கும். தேய்த்தால் மேற்பரப்பு சிலும்பி, கறை போனபிறகும் அவ்விடம் மங்கித் தெரியும். பிறகு பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றவேண்டும். பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கி வடித்த நீர் பட்டுக்கு ஏற்ற சவர்க்காரம். அதைக் கொண்டு மறுபடி ஒற்றி, நல்ல தண்ணீரால் அலசுவதுபோல் பலமுறை துடைத்து, முறுக்காமல் நிழலில் உலர்த்தவேண்டும். கறை பழையதாயின் மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரினை அவ்விடத்தில் தடவி அரைமணி நேரம் விட்டால் இறுகியது இளகும். ஜரிகையின்மேல் எலுமிச்சையையோ புளியையோ காட்டக்கூடாது. கரையின் சாயமும் உடலின் சாயமும் வேறு வேறாக இருக்கும் புடவைகளில் ஒன்றின் சாயம் மற்றொன்றில் ஏறிவிடும் அபாயம் உண்டு. ஆகையால் உள்மடிப்பில் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்த்துவிட்டே மேலே செல்லவேண்டும்.

கறை பெரிதாயின் உலர்சலவைக்குக் கொடுத்துவிடுவதே உசிதம். அங்கேயும் “கறை இருக்கிறது” என்று மட்டும் சொல்லிவிட்டு வரலாகாது. பாலும் சர்க்கரையும் கலந்த காப்பி, இன்ன நாள் கொட்டியது, வீட்டில் இன்னது செய்துபார்த்தோம் என்று சொல்லவேண்டும். உலர்சலவையில் பயன்படும் திராவகம் கொழுப்பைக் கரைக்கும். சர்க்கரையையும் துவர்ப்பையும் அது தானாகக் கரைக்காது. சொன்னால்தான் அவர் அவற்றைத் தனியே கவனித்துவிட்டு இஸ்திரி போடுவார்.

பருத்தி வேட்டி, படுக்கை விரிப்பு, மேஜைத் துணி இவையெல்லாம் இத்தனை கவலை தருவன அல்ல. பச்சைத் தண்ணீரில் அலசியபின், கட்டிச் சோப்பைத் தவிர்த்து, துவைக்கும் திரவத்தையோ தூளையோ கொண்டு கசக்கலாம். கட்டிச் சோப்பு துவர்ப்புக் கறையை இழையில் நிலைக்கச் செய்துவிடும். ஆழ்குழாய்க் கிணற்று நீர் வரும் காலனிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. அந்த உப்பு நீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, துணியில் அழுக்குப்போல் படியும். இதற்குப் பின்னும் எஞ்சும் பழுப்புக்கு, ஒரு பங்கு வினிகரில் இரண்டு பங்கு நீர் சேர்த்து நனைத்துக் கால்மணி நேரம் விடலாம். வெள்ளைத் துணியாயின் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து வெயிலில் விரிப்பது நம் பாட்டிமார் கண்ட வழி; வெயிலே ஒரு வெளுப்பு மருந்து. அதற்கும் மசியாவிட்டால் மருந்துக் கடையின் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது. அங்கே கிடைப்பது பெரும்பாலும் நூற்றுக்கு 6 பங்கு வலிமையுடையது. சம அளவு நீர் சேர்த்து, வெள்ளைப் பருத்தியில் மட்டும் பயன்படுத்தவேண்டும். மதுரைச் சுங்குடி போன்ற சாயத் துணிகளுக்கு எலுமிச்சையும் வேண்டாம், பெராக்சைடும் வேண்டாம். பச்சைத் தண்ணீரும் பொறுமையும் போதும்.

இவ்விடத்தில் இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. கடுக்காய்ச் சாற்றில் இரும்புத் துரு சேர்ந்தால் கன்னங்கறுப்பு உண்டாகும். நம் நாட்டுச் சாயக்காரர்கள் துணியில் கறுப்பு ஏற்றியது இந்த வித்தையால்தான். காப்பியின் துவர்ப்பும் அதே வேலையைச் செய்யும். துருப்பிடித்த வாளியில் காப்பிபட்ட வேட்டியை ஊறவைத்தால் பழுப்புக் கறை சாம்பல் கறையாக மாறி வெளிவரும். பிறகு அதைப் போக்குவது குதிரைக்கொம்பு. துணியில் குத்தியிருக்கும் ஊக்கையும் கழற்றிவிட்டே நனைக்கவேண்டும்.

ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் சகோதரிகளுக்கு, மேலே சொன்ன பொருள்களை இங்கே எந்தப் பெயரால் கேட்பது என்பதே பெரும் சங்கடம். எங்களுக்கும் அந்நாளில் அப்படித்தான் இருந்தது. ஆப்பசோடா என்று நாங்கள் கேட்க, கடைக்காரர் சோடாப் புட்டியை எடுத்து நீட்டினார். ஆப்பசோடாவுக்கு இங்கே ‘மீட்டா சோடா’ என்று பெயர். பூந்திக்கொட்டை ‘ரீட்டா’, பெரிய மளிகைக் கடைகளிலும் நாட்டு மருந்துச் சரக்கு விற்கும் பன்சாரி கடைகளிலும் கிடைக்கும். வெண்காரம் ‘சுஹாகா’. எலுமிச்சை உப்பை ‘நீம்பூ ஸத்’ என்று கேட்கவேண்டும். சலவைச் சோடாவை ‘கப்டே தோனே கா சோடா’ என்று முழுதும் சொல்லிவிடுவதே நல்லது; இல்லாவிட்டால் சமையலுக்குரியதைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

தென்னாட்டு வீடுகள் அறியாத துன்பம் ஒன்று நமக்கு மார்கழியிலும் தையிலும் வந்துசேர்கிறது. அதன் பெயர் ரஜாய். குளிருக்கு அஞ்சி ரஜாய்க்குள் கால் நீட்டி அமர்ந்தவாறே காப்பி அருந்துவது இன்பமே. கவிழ்ந்துவிட்டால் அந்த இன்பத்துக்கு விலை கொடுத்தாகவேண்டும். பஞ்சு நிறைந்த ரஜாயைத் தொட்டியில் முக்கினால் பஞ்சு கட்டிதட்டிப்போகும். மூடுபனி நாட்களில் அது உலரவும் உலராது. உலராத பஞ்சில் பால் புளித்து நாறும். ஆகவே கொட்டிய உடனே கறைபட்ட இடத்தை இரு கைகளாலும் குவித்துப் பிடித்து, உலர்ந்த துண்டால் இருபுறமும் அழுத்தி ஈரத்தை உறிஞ்சவேண்டும். ஈரம் பஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்று தெரிந்தால் தயங்காமல் தையலைச் சாண் அளவு பிரித்து, நனைந்த பஞ்சை எடுத்து எறிந்துவிட்டு, துணியை மட்டும் உயர்த்திப் பிடித்துக் கழுவி உலர்த்தலாம். அந்த இடத்தில் புதுப் பஞ்சு வைத்துத் தைப்பது கால்மணி நேர வேலை. முழுதும் பாழாயின், பெரிய வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு குளிர்காலத் தொடக்கத்தில் வரும் ‘துனியா’விடம் கொடுத்துப் பஞ்சை அடித்துப் புதிதாக்கிக்கொள்ளலாம். தெருக்களில் அவர் குரல் இப்போது அருகிவிட்டது; பழைய கடைத்தெருக்களில் தேடினால் அகப்படுவார். மெல்லிய வெள்ளைத் துணியில் ஓர் உறை தைத்துப் போட்டுவிட்டால் இத்தனை பாடும் இல்லை. எங்கள் வீட்டில் நான்கு ரஜாய்களுக்கும் உறை உண்டு. அது பட்டறிவின் பயன்.

கம்பளிச் சால்வைக்குப் பட்டுக்குச் சொன்னதே பொருந்தும். ஒன்று மட்டும் கூடுதல்: வெந்நீரும் தேய்ப்பும் சேர்ந்தால் கம்பளி சுருங்கிக் குழந்தைச் சால்வையாகிவிடும். கொடியில் தொங்கவிடாமல் துண்டின்மேல் பரப்பி உலர்த்துக.

பாத்திரங்களைப் பார்ப்போம். பீங்கான் கோப்பையின் உட்புறப் பழுப்பு ஈரத்தோடு ஆப்பசோடாவைத் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். வடிகட்டி அத்தனை எளிதன்று. மேற்பாத்திரத்தின் துளைகளில் காப்பியின் எண்ணெய்ப் பசையும் தூளும் அடைத்து, டிகாக்ஷன் இறங்க இரவெல்லாம் ஆகிறது என்று குறைப்படுவோர் பலர். முழுதும் எவர்சில்வராக இருப்பின், பிளாஸ்டிக் குமிழ் ஏதுமில்லை என்று பார்த்துக்கொண்டு, மேற்பாத்திரத்தை அடுப்புச் சுடரில் காட்டினால் அடைப்பு எரிந்து சாம்பலாகும். ஆறியபின் தட்டித் துலக்கவேண்டும். இதையே ஈயம் பூசிய பித்தளை வடிகட்டிக்குச் செய்தால் ஈயம் உருகி வழிந்துவிடும். பித்தளைக்கு வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து ஊறவைப்பதே தக்கது. அலுமினியப் பாத்திரத்தில் சலவைச் சோடா கூடாது. அந்தக் காரம் உலோகத்தையே அரிக்கும். கண்ணாடிக் குடுவை உள்ள பிளாஸ்க்கில் வெந்நீரும் ஒரு கரண்டி ஆப்பசோடாவும் இட்டு, மூடாமல் ஓர் இரவு வைத்திருந்தால் கறையும் வாடையும் நீங்கும்.

மொசைக் தரையிலும் சலவைக்கல் தரையிலும் எலுமிச்சையும் வினிகரும் கறையைவிடக் கெடுதல் செய்யும். அமிலம் பட்ட இடத்தில் கல் கரைந்து பளபளப்புப் போய்விடும். ஈரத் துணியால் உடனே துடைத்தால் போதும். மெருகிட்ட மர மேஜையில் சூடான டம்ளர் விட்டுச்சென்ற வெள்ளை வளையம் காப்பிக் கறையே அன்று. மெருகுக்குள் புகுந்த ஈரம் அது. தேங்காயெண்ணெயைத் தடவி இரவு முழுதும் விட்டுக் காலையில் துடைத்துப் பாருங்கள்.

வாடகை வீட்டில் வசிப்போர்க்குச் சுவர்க்கறை பணச்செலவாக முடியும். காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்துக்கொள்ளும் வீட்டுக்காரர்களை நாம் அறிவோம். டிஸ்டெம்பர் பூசிய சுவரை ஈரத் துணியால் தேய்த்தால் கறையோடு வண்ணமும் வரும். அதன்மேல் புதிதாக வண்ணம் பூசினாலும் துவர்ப்புக் கறை ஓரிரு நாளில் மஞ்சளாக மேலே கசிந்து வந்துவிடும். வண்ணக்காரரிடம் சொல்லி, கறையின்மேல் அரக்கு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்து உலரவிட்டு, அதற்குமேல் வண்ணம் பூசச் செய்தால் கசிவு நின்றுவிடும்.

கடைசியாகக் காகிதம். புத்தகத்தின் ஓரம் நனைவதைப் பற்றி நாம் கவலைப்படவில்லை. ஊரிலிருந்து வந்த பழைய கடிதங்களைப் பற்றியே சொல்லுகிறோம். பல வீடுகளில் அவை காலண்டருக்குப் பின்னாலும் மேஜை இழுப்பறையிலும் கிடக்கின்றன. பேனா மையால் எழுதிய கடிதத்தில் காப்பி சிந்தினால் ஒரு சொட்டுத் தண்ணீரும் காட்டலாகாது. கறை இருந்த இடத்தில் எழுத்தும் இராது. எங்கள் தாத்தா 1961-இல் மாயூரத்திலிருந்து எழுதிய கடிதம் ஒன்றில் டம்ளரின் அடி பதிந்து அரைவட்டமாகப் பழுப்புக் கறை இருக்கிறது. அவர் எழுதும்போது வைத்த டம்ளரா, இங்கே படிக்கும்போது வைத்த டம்ளரா என்பது தெரியாது. புடவைக்குப் பிறகு அதன்மேல் கைவைக்கும் துணிவு எங்களுக்கு வரவில்லை.

புதிதாகக் கொட்டியிருப்பின், மையொற்றும் தாளையோ அச்சில்லாத வெள்ளைத் தாளையோ மேலே வைத்து, உள்ளங்கையால் மெல்ல அழுத்தி எடுக்கவேண்டும். செய்தித்தாள் ஆகாது, அதன் மை கடிதத்தில் ஏறிவிடும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுத்துப் பிரிக்காமல், தாமே விடும்வரை காற்றாட வைக்கவேண்டும். ஈரம் சற்றே எஞ்சியிருக்கும்போது இரு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனத்த புத்தகம் ஒன்றை ஏற்றிவைக்கலாம். பாலும் சர்க்கரையும் காகிதத்தில் இருக்கும்வரை எறும்பும் கரப்பானும் தேடி வரும் ஆகையால், உலர்ந்த கடிதத்தை மூடியுள்ள தகரப் பெட்டியில் மற்றக் கடிதங்களோடு சேர்க்காமல் தனி உறையில் இட்டு வைக்கவேண்டும். அதற்குமுன் கைப்பேசியில் இருபுறமும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை தாள்களை எடுத்துப் பார்த்து, ஈரம் தட்டினால் வேறு தாள் மாற்றுக.